கிழித்த தாள்களின் பின்பக்கம்

ஜனவரி 10, வியாழன்

இந்த நோட்டை நளாயினி மேடம் கொடுத்தார். வக்கீலம்மாவின் இங்கிலீஷை எனக்குத் தமிழில் சொல்கிறவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், அமெரிக்காவில் இந்த மின்னசோட்டா பனிக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகிறதாம். "ஞாபகம் வாறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கோ. இந்த ஊர்ச் சட்டத்துக்குத் தேதி இல்லாட்டி ஒண்டும் ஏறாது" என்றார். அக்கா என்று கூப்பிட வாய் வரை வந்தது, வரவில்லை. மேடம் என்றே வைத்துக்கொண்டேன்.

தேதி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சிவகாசியில் பதினொரு வருஷம் காலண்டர் ஆபீசில் தேதித் தாள் வரிசை சேர்த்தவள் நான். தினம் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டர் எந்த வீட்டில் தொங்கினாலும், அதில் ஒன்றிரண்டு என் கை பட்டதாக இருக்கும்.

பெயர் மாரீஸ்வரி. வயது முப்பத்தெட்டு. வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் ரஞ்சனி, பதிமூன்று வயது, என் தம்பி காளிராஜ் வீட்டில் இருக்கிறாள். வத்சலா அக்கா வீட்டில் இரண்டு வருஷம் இரண்டு மாசம் சமையல் வேலை பார்த்தேன். போன மாசம் இருபத்தோராம் தேதி குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைக்கப் போனவள் திரும்பி உள்ளே போகவில்லை. நடந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது, என் காலடிகூட எனக்குக் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டே நடக்கிறேனோ என்று சந்தேகம். கடைசியில் ஒரு நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த அம்மாள் ஒரு கோப்பை வெந்நீர் கொடுத்து, யார் யாருக்கோ போன் போட்டாள். அப்படித்தான் இந்தக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

திட்டம் போட்டெல்லாம் வரவில்லை. "அப்ப ஏன் துணிப்பை கையில இருந்தது?" என்று நளாயினி மேடம் கேட்டார். தொட்டியின் மூடி மேல் என் மஞ்சப்பை இருந்தது உண்மைதான். அதில் இரண்டு சேலை, ரஞ்சனி போட்டோ, கொஞ்சம் பழைய தாள். எப்படி அங்கே வந்தது என்று எனக்கே தெரியாது.

ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வத்சலா அக்கா கெட்டவர் இல்லை. தீபாவளிக்குச் சேலை கொடுத்தார். கையில் இருக்கும் தழும்பு தோசைக்கல் பட்டது.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். மைக்ரோவேவில் வைத்தேன். பொங்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது, அவ்வளவுதான்.

அறைத்தோழி ரோசா குவாத்தமாலாக்காரி. என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி ஏதோ சொன்னாள். நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள்.

ஜனவரி 17, வியாழன்

வக்கீலம்மா பெயர் கேத்லீன். சின்னப் பெண், வெளுத்த ஸ்வெட்டர். எனக்கு 'டி விசா' கேட்கப் போகிறார்களாம். ஆள் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு இந்த நாட்டில் கொடுக்கும் விசா.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கடத்தலா? நல்லாருக்கே கத! கடத்துறதுன்னா வாயப் பொத்தி வண்டியில தூக்கிப் போடுறது. நான் ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டுல உக்காந்து வந்தேன். ரெண்டு தடவ ஜூஸ் குடுத்தாங்க."

நளாயினி மேடம் அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும், கேத்லீன் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது என்று கேட்டார். அக்காவிடம், பத்திரமாக. விசா முடிந்தது தெரியுமா? தெரியும், அக்கா சொன்னார், வாசலைத் தாண்டினால் போலீஸ் பிடித்து ஜெயிலில் போடும் என்று. நீங்களாக வெளியே போகலாமா? எங்கே போவது, எனக்கு யாரைத் தெரியும்? லீவு? கேத்லீன் எழுதிக்கொண்டே போனார். நான் பதில் சொல்லச் சொல்ல என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது.

கையைக் கட்டுவது மட்டும் இல்லையாம், பயமுறுத்தி வேலை வாங்கினாலும் அது கடத்தல்தானாம். அப்படி நடந்தது என்று காட்ட வேண்டும், அதனால்தான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட வேண்டும், போலீஸ் கேட்டால் ஒத்துழைக்க வேண்டும், திருப்பி அனுப்பினால் பெரிய துன்பம் வரும் என்று சொல்ல வேண்டும். கிடைத்தால் நாலு வருஷம் பயமில்லாமல் இருக்கலாம், வேலை பார்க்கலாம்.

"இன்னொண்டு" என்றார் நளாயினி மேடம். "இருபத்தொரு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையையும் கூப்பிடலாம்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஜனவரி 19, சனி

மத்தியானம் தூங்கினேன். கனவில் அம்மாவும் நானும் காலண்டர் ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாள் சேர்க்கிறோம். அம்மா கையிலிருந்து தாள்கள் வெள்ளையாக வருகின்றன, ஒன்றிலும் தேதி இல்லை. "எம்மா, அச்சு விழல பாரு" என்கிறேன். அவள் திரும்பவே இல்லை. எழுந்தபோது ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஜனவரி 25, வெள்ளி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊருக்குப் போன் பண்ண விடுகிறார்கள். அங்கே சாயங்காலம்.

ரஞ்சனி குரல் பெரிய மனுஷி குரலாகிவிட்டது. "எம்மா, நீ இப்ப வேற வீட்டுலயா இருக்க?" என்றாள். ஆமாம் என்றேன். காளிராஜ் வாங்கிப் பேசினான். அவன் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசி ஆறு மாசமாகிறது. அக்கா வீட்டில் இருந்தபோது மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்வார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்போதும் இவன் "ம்", "சரி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

இன்றைக்குத்தான் ஒரு நல்ல சேதி சொன்னான். வத்சலா அக்காவின் அம்மா மதுரையிலிருந்து கார் போட்டு வந்தாராம். பழம், ஸ்வீட், ரஞ்சனிக்குச் சுடிதார். "மாரீஸ்வரி கோவிச்சுட்டுப் போயிட்டா, நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இந்தப் பிள்ளைய எங்க வீட்டுல வச்சு நாங்க படிக்க வைக்கிறோம்" என்றாராம். ரஞ்சனிக்குத் தனியாகப் படுக்க ஒரு ரூம்கூட இருக்கிறதாம், அடுப்படிக்குப் பக்கத்திலேயே.

எவ்வளவு பெரிய மனசு. நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்த பிறகும். சரி, யோசிக்கலாம் என்றேன்.

இதை நளாயினி மேடத்திடம் சொல்லவில்லை. மறந்துவிட்டது.

ஜனவரி 29, செவ்வாய்

வெளியே கண் இமை உறையும் குளிர். கேத்லீன் முகமும் சரியில்லை. போலீஸ்காரர் அக்கா வீட்டுக்குப் போய் விசாரித்தாராம். "அவள் எங்கள் தூரத்துச் சொந்தம், விருந்தாளியாக வந்து தங்கினாள், வீட்டு வேலையில் கூடமாட உதவினாள், சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள்" என்று அக்காவும் அவர் வீட்டுக்காரர் சாரும் சொல்லிவிட்டார்கள்.

"உங்கட சொல்லுக்கு எதிர அவையின்ர சொல்லு" என்றார் நளாயினி மேடம். "ஏதாவது ஒரு கடுதாசி, ஒரு போட்டோ, ஒண்டும் இல்லையா?"

என்ன இருக்கும்? கழுவிக் கவிழ்த்த பாத்திரம் சாட்சி சொல்லுமா? இல்லை என்றேன். சொன்னதும் ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. அக்காவுக்கு எதிராக நான் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு பெட்டில் படுத்து ரஞ்சனி போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் சொன்னது ஏன்? விசா கிடைக்காவிட்டால் அவளை நான் எப்போது பார்ப்பேன்?

பிப்ரவரி 4, திங்கள்

தை அமாவாசை. அம்மா இறந்த பிறகு வருகிற முதல் தை அமாவாசை. ஆற்றங்கரைக்குப் போய் அம்மாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் விட வேண்டும், அப்படியே மஞ்சப்பையில் இருக்கும் காலண்டர் தாள்களையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தத் தாள்களைப் பற்றி எழுத வேண்டும். அக்கா வீட்டுச் சமையலறையில் நம் ஊர் காலண்டர் தொங்கும், மதுரையிலிருந்து வரும். காலையில் முந்தின நாள் தாளை நான் கிழிப்பேன். தாளில் முருகன் படம், நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் இருக்கும். அதைக் குப்பையில் போடலாமா? எங்கள் ஆபீசில் அச்சு சரியில்லாத தாளைக்கூடக் காலில் படாமல் ஓரமாகத்தான் வைப்போம். சேர்த்து வைத்துத் தண்ணீரில் விடுவதுதான் முறை. அதனால் ஒன்றுவிடாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். என் படுக்கை அங்கேதான். ஸ்டோர் ரூம் கதகதப்பாகவே இருக்கும்.

ரோசாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு எங்கே? கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் தரை. மனுஷர்கள் அதன் மேல் நடந்துபோன தடம்கூடத் தெரிந்தது. எள்ளை விட்டேன், பனி மேல் கறுப்பாக அப்படியே கிடந்தது. தாள் கட்டை மெதுவாக ஐஸ் மேல் வழுக்கவிட்டேன். நாலு முழம் போய் நின்றுகொண்டது. போகவுமில்லை, முழுகவுமில்லை. ரோசா என்னைப் பார்க்கிறாள், நான் கட்டைப் பார்க்கிறேன்.

முருகனை இப்படி ஃபிரிட்ஜில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ரோசா குப்புறப் படுத்துக் குடைக்கம்பியால் கொக்கி போட்டு இழுத்தாள். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஐஸ் உருகியதும் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

இதை வேடிக்கையாகத்தான் நளாயினி மேடத்திடம் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே, "பின்பக்கம் வெறுந்தாள் எண்டால் நாங்கள் ஊரில கணக்குப் போடுவம்" என்றார்.

"இதுல வெறுந்தாள் இல்ல மேடம். அக்காதான் பின்னாடி எழுதுவாங்களே. அன்னன்னைக்கு என்ன வேலைன்னு எழுதி ஃபிரிட்ஜுல ஒட்டிருவாங்க. சாயங்காலம் நான் எடுத்து வச்சுக்குவேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "ஆர் எழுதினது?" என்றார்.

"அக்காதான்."

"அவவின்ர கையெழுத்திலயா? ஒவ்வொரு நாளுமா?"

கேத்லீனிடம் அவர் வேகவேகமாகச் சொன்னார். கேத்லீன் எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்தார். அப்புறம் மறுபடி எழுந்தார். அந்தக் கட்டைத்தான் நேற்று நான் ஆற்றில் விடப் போனேன்! குளிருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் கொடுக்கிறேன் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. வியாழக்கிழமை வரிசைப்படுத்திப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். உப்பைத் தின்ற வீடு.

பிப்ரவரி 7, வியாழன்

காப்பகத்தின் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கட்டை அவிழ்த்தேன். ஆற்றுக்குப் போய் வந்ததில் வரிசை கலைந்து, ஐஸ் ஈரத்தில் ஓரம் சுருங்கியிருந்தது. இரண்டு நாளாகும் என்று கேத்லீன் சொன்னார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

விரல் மறக்கவில்லை. மாசவாரியாகப் பிரித்து, இடது கையில் விசிறி, வலது கட்டை விரலால் தள்ளித் தள்ளி. அறை முழுக்கச் சரசரவென்ற அந்தச் சத்தம். கொஞ்ச நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பசை தடவுகிற மாதிரியே இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு தாள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கேத்லீன் கை தட்டினார், எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு அவர்கள் பின்பக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நளாயினி மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். 'காலை ஐந்து: டிபன். கார்பெட். மூன்று பாத்ரூம். இரவு பன்னிரண்டு பேர்.' 'ஞாயிறு. ஜன்னல்கள் எல்லாம். தலைவலி என்று படுக்காதே.' 'நாங்கள் வெளியூர் போகிறோம். நாலு நாள். ஃபிரிட்ஜில் ரசம் இருக்கிறது.' அநேகமாக எல்லாத் தாளிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'கதவைத் திறக்காதே.'

ஒவ்வொரு நாளாக வாழ்ந்தபோது அது ஒரு நாள் வேலையாகத்தான் தெரிந்தது. இப்படி மேசை முழுக்கப் பரப்பி வைத்தால் பார்க்க முடியவில்லை. நளாயினி மேடம் பாதியில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதித் தாளை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு. அன்றைக்குத்தான் அக்கா வந்து, "மாரி, இப்பதான் சேதி வந்துச்சு, உங்கம்மா தவறிட்டாங்க" என்றார். புளியோதரை கிளறிக்கொண்டிருந்தேன். அக்கா தோளைத் தட்டிக்கொடுத்தார். அது பொய்யில்லை, தட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரி 8, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஊருக்குப் போன். காளிராஜ்தான் எடுத்தான். நாளைக் காலையில் மதுரையிலிருந்து கார் வருகிறதாம், ரஞ்சனி துணிமணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டாளாம். பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கியாகிவிட்டது.

அவ்வளவு சீக்கிரமா என்று ஏதோ உறுத்தியது. ஆனாலும், "அம்மா இருந்திருந்தா பேத்தி கார்ல போறதப் பாத்துச் சந்தோஷப்பட்டிருக்கும். ஆடிப்பெருக்கும் அதுவுமா போய்ச் சேந்துருச்சு" என்றேன்.

"ஆடிப்பெருக்கா?" என்றான் காளிராஜ். "என்னக்கா உளர்ற? ஆனி அமாவாசைல்ல."

"எது?"

"அம்மா செத்தது. ஆனி இருபத்தெட்டு. விடியக்காலம். அன்னைக்கு மூணு தடவ போன் போட்டேன்க்கா. அந்தம்மாதான் எடுத்தாங்க. 'சொல்லிட்டோம், அழுதுக்கிட்டு இருக்கா, டிக்கெட் கிடைக்கல, நீங்க எடுத்துருங்க'ன்னாங்க. நீயா வந்து ஒரு வார்த்த பேசலியேன்னு அன்னைக்கு எனக்கு வந்த கோவம், இன்னிக்கு வரைக்கும் ஆறல."

போனைக் காதோடு பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன். ஆனி இருபத்தெட்டு, ஜூலை பன்னிரண்டு. தாள் கட்டுக்குள் விரல் நேராகப் போய் நின்றது. தாளில் அமாவாசையின் கறுப்பு வட்டம். திருப்பினேன். அடுத்த நாள் வேலை இருந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. அன்றைய வேலையை முந்தின நாள் தாளின் பின்பக்கத்தில்தானே எழுதுவது. பதினொன்றாம் தேதியை எடுத்தேன்.

'அமாவாசை. வெங்காயம் பூண்டு வேண்டாம். வாழைக்காய், பூசணிக் கூட்டு. சனிக்கிழமை முப்பது பேர், பாயசத்துக்கு முந்திரி எடுத்து வை. இன்று முழுக்க போன் அடித்தால் தொடாதே. கதவைத் திறக்காதே.'

அன்றைக்கு ஹாலில் போன் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அடித்து அடித்து நிற்கும். நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பாயசம் ரொம்ப நன்றாக வந்தது, எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். நான் சிரித்துக்கொண்டே ஊற்றினேன்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன் என்றேன். அந்தத் தாளை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை படித்தேன். பிறகு அவன் அழுவது கேட்டது. பெரிய ஆம்பிளை, மீசை வைத்தவன்.

"காளி, நாளைக்கு அந்தக் கார் வந்தா வெறுங்காராத்தான் திரும்பிப் போகணும். என் பிள்ள அந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது."

"ஸ்கூல்ல பேர எடுத்தாச்சேக்கா. அவங்க பெரிய ஆளுங்க, நான் என்ன சொல்லி அனுப்ப?"

"எடுத்த பேரப் போய்த் திருப்பிச் சேரு. அவங்ககிட்ட எங்கக்கா வேண்டாம்னுட்டான்னு சொல்லு. ஏன்னு கேட்டா நான் சொல்றேன் கேளு." சொன்னேன். இங்கே வக்கீலிடம்கூடச் சொல்லாததை என் தம்பியிடம் சொன்னேன். ஸ்டோர் ரூமுக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது. இரவு அது விழும் சத்தம் கேட்டால்தான் நான் படுப்பேன். கையில் இருக்கும் தழும்பு, ஊருக்குப் போகணும் என்று கேட்ட நாளில் விழுந்தது. தோசைக்கல் தானாக எழுந்து வந்து யார் கையிலும் படாது. பிடித்து அழுத்தினாள். வத்சலாதான் அழுத்தினாள்.

கடைசியில் ரஞ்சனியிடம் கொடுத்தான். "எம்மா, நான் போகலம்மா" என்றாள். "எனக்கு அப்பவே பிடிக்கல. அந்தப் பாட்டி என் கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, வேலை செஞ்சு பழக்கம் இருக்கான்னு கேட்டாங்க."

எனக்கு ஏன் இது காளி முதலில் சொன்ன அன்றைக்கே உறைக்கவில்லை? என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 9, சனி

காளிராஜ் போன் பண்ணினான். கார் வந்தது. வெறுங்காராகப் போனது. ரஞ்சனி மாடியில் நின்று பார்த்தாளாம்.

பிப்ரவரி 14, வியாழன்

வாக்குமூலம் முடிந்தது. மூன்று மணி நேரம். தழும்பைப் போட்டோ எடுத்தார்கள். தாள்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், நகல் எனக்கு, அசல் கேத்லீனுக்கு. போலீஸ்காரரும் வந்து ஒன்றிரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். விருந்தாளிக்கு இவ்வளவு நீளமாக யார் எழுதுவார்கள் என்று கேட்டாராம்.

திருப்பி வாசித்தபோது கேத்லீன் பேனாவைத் தூக்கினார். முதல் பக்கத்தில் 'அக்கா' என்று இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் 'வத்சலா' என்று இருக்கிறது, ஒரே ஆள்தானே?

"ஒரே ஆளுதான்" என்றேன். "முன்னாடி இருக்கறதையும் வத்சலான்னே மாத்திருங்க."

கையெழுத்துப் போட்டேன். இன்னொரு ஃபாரம், அதில் ரஞ்சனி பெயர், பிறந்த தேதி. அதற்கும் போட்டேன். வெளியே வந்ததும் நளாயினி மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிருதா?"

"இல்லக்கா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

ஏப்ரல் 6, சனி

ஆற்றில் ஐஸ் உடைந்துவிட்டது. ரோசாவும் நானும் போய்ப் பார்த்தோம். பெரிய பெரிய வெள்ளைத் துண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன், இந்தத் தடவை போனது. வேறு எதையும் விடவில்லை.

டிசம்பர் 21, சனி

நடந்து வந்து ஒரு வருஷம். வேலை செய்ய அனுமதி அட்டை வந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மூன்று மணிக்கு விடுகிறார்கள். முதல் நாள், மூன்று மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் ஐந்து பஸ்ஸை விட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

மார்ச் 9

கனவு. ஃபிரிட்ஜ் முழுக்கத் தாள்கள். கிட்டே போய்த் திருப்பினால் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. கனவில்கூட நான் ஒரு பேனா தேடினேன்.

அடுத்த வருடம், மே 18

வந்துவிட்டது. நளாயினி அக்கா போனில் சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை, சமையலறையில் இருநூறு பேருக்கு மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். விசா எனக்கும் கிடைத்தது, ரஞ்சனிக்கும் கிடைத்தது. இனி அவள் சென்னையில் தூதரகத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வத்சலாவின் வழக்கு இன்னும் நடக்கிறது. கூப்பிட்டால் போய் நின்று சொல்வேன். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன்.

செப்டம்பர் 25, சனி

ஏர்போர்ட்டில் என்னைவிட உயரமாக ஒரு பெண் வந்து நின்றாள். நான் அவள் தலைக்கு மேலே எட்டி எட்டி ரஞ்சனியைத் தேடிக்கொண்டிருந்தேன். "எம்மா, நான்தான்" என்றாள்.

ஐந்து வருஷம். அவள் முடி வாசனை மட்டும் மாறவில்லை.

பெட்டியில் நான் கேட்டது இருந்தது. சிவகாசிக் காலண்டர், முருகன் படம். வருஷத்தில் முக்கால்வாசி ஓடிவிட்டது, ஆனாலும் மாமா முழுசாக, ஒரு தாள்கூடக் கிழிக்காமல் கொடுத்துவிட்டாராம். இரண்டு பேரும் உட்கார்ந்து ஜனவரியிலிருந்து கிழித்தோம். அவள் சரசரவென்று கிழித்தாள். யார் கற்றுக்கொடுத்ததோ.

செப்டம்பர் 27, திங்கள்

காலை ஐந்தரை. நான் வேலைக்குப் போக வேண்டும். ரஞ்சனி தூங்குகிறாள், வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் தூங்கியது போலவே. அவள் பள்ளிக்கூடம் அடுத்த வாரம்தான். எழுப்ப மனசில்லை.

நேற்றைய தாளைக் கிழித்தேன். திருப்பினேன். வெள்ளைப் பக்கம். பேனாவை எடுத்தேன். பிறகு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'ரஞ்சனி, இட்லி ஹாட்பாக்ஸில். சட்னி மேல்தட்டில். தூக்கம் வந்தால் இன்னும் தூங்கு. சாவி ஆணியில் தொங்குகிறது, அது உன்னுடையது. கதவைத் திறந்து வெளியே போய்ப் பார். தெரு முனையில் நூலகம் இருக்கிறது, அங்கே ஒரு அம்மாள் இருப்பாள், என் பெயரைச் சொல். பன்னிரண்டு மணிக்குப் போன் அடிக்கும். எடு. அம்மாதான்.'